கிரான் டூரிஸ்மோ 7ல ரீப்ளேல இருந்து நல்ல போட்டோ எடுக்கிறது எப்படி? புதுசா வர்றவங்களுக்கு ஒரு வழிகாட்டி

பிளேஸ்டேஷன்ல வர்ற கார் ரேஸ் கேமான கிரான் டூரிஸ்மோ 7 விளையாடுற நிறைய பேரு ரேஸ் முடிஞ்ச உடனே கிரெடிட் (கேமுக்குள்ள கிடைக்கிற காசு) எவ்ளோ ஏறுச்சுன்னு பாத்துட்டு நேரா அடுத்த ரேஸுக்கு போயிடுறாங்க, ஓட்டின ரேஸை திரும்பப் பாக்குற ரீப்ளேன்னு ஒரு ஆப்ஷன் அங்கயே இருக்கிறத கண்டுக்கிறதே இல்ல. என்னைக் கேட்டா இந்த கேமோட பாதி அழகு அதுக்குள்ளதான் இருக்கு. ஓட்டும்போது நம்ம கண்ணு பூரா அடுத்த வளைவுல, பிரேக் பாயின்ட்ல, முன்னாடி போற காரோட பம்பர்லதான் இருக்கும், நம்ம கார் எப்படி சாஞ்சு திரும்புச்சு, வெயில் அது மேல எப்படி விழுந்துச்சுன்னு பாக்கவே முடியாது. அதெல்லாம் ரீப்ளேல அப்படியே இருக்கு. போய் பாக்கணும், நிறுத்தணும், போட்டோவா எடுக்கணும், அவ்ளோதான்.

இது இந்த கேம்ல புதுசா சேத்த விஷயமும் இல்ல. 2004 கடைசில ஜப்பான்ல வந்த கிரான் டூரிஸ்மோ 4லயே போட்டோ மோட் இருந்துச்சு, அந்த பிஎஸ்2 காலத்துலயே யுஎஸ்பில பிரிண்டரை மாட்டி படத்தை பிரிண்ட் போடலாம். 2017ல வந்த கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்ல, நிஜ இடங்களோட படத்துக்குள்ள காரை நிறுத்தி எடுக்கிற ஸ்கேப்ஸ் வந்துச்சு, 2022 மார்ச்ல வந்த 7ல அது இன்னும் பெருசாச்சு. இந்த சீரிஸை ஆரம்பத்துல இருந்து நடத்திட்டு வர்ற கசுனோரி யமவுச்சிக்கு காரை ஓட்டுறது எவ்ளோ முக்கியமோ காரை நின்னு ரசிக்கிறதும் அவ்ளோ முக்கியம், கேமை ஆழமா தோண்டினா அது நல்லாவே தெரியும்.

புதுசா வர்றவங்க முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், இந்த கேம்ல போட்டோ எடுக்க ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு ரேஸ் போட்டோ, அதாவது ஓட்டின ரேஸோட ரீப்ளேவை நிறுத்தி அந்த இடத்துல எடுக்கிறது. இன்னொண்ணு ஸ்கேப்ஸ், உலகத்துல நிஜமான இடங்கள்ல எடுத்து வெச்சிருக்கிற படங்களுக்குள்ள நம்ம காரை கொண்டு போய் நிறுத்தி எடுக்கிறது. நிறைய பேரு ஸ்கேப்ஸ்லதான் ஆரம்பிப்பாங்க, ஏன்னா எடுத்த உடனே அழகா வரும். நான் ரேஸ் போட்டோல ஆரம்பிங்கன்னுதான் சொல்வேன். ஸ்கேப்ஸ்ல பேக்கிரவுண்டு பாதி வேலைய பாத்துடும், ரேஸ் போட்டோல எல்லாத்தையும் நீங்களே முடிவு பண்ணணும், அதனால கேமரா எப்படி வேலை செய்யுதுன்னு சீக்கிரம் பிடிபடும்.

ரேஸ் முடிஞ்ச உடனே என்ன பண்ணணும்

ரேஸ் முடிஞ்சு ரிசல்ட், பரிசு காசு எல்லாம் காட்டின பிறகு வர்ற மெனுல ரீப்ளே இருக்கும். நல்லா ஓட்டின மாதிரி இருந்தா, இல்ல வெயில் மழைன்னு ஏதாவது கண்ணுல பட்டிருந்தா, அப்பவே சேவ் பண்ணிடுங்க. சேவ் பண்ணாம வெளிய வந்துட்டா அந்த ரேஸ் போச்சு, திரும்ப கிடைக்காது. போட்டோ அப்புறமா எடுத்துக்கலாம், அவசரமே இல்ல, சேவ் பண்ணி வெச்ச ரீப்ளேவை கேம் மேப்ல இருக்கிற ஷோகேஸ்ங்கிற இடத்துல உங்க கலெக்ஷனுக்குள்ள போய் எப்ப வேணா திறக்கலாம். சேவ் பண்ணும்போது எந்த லேப்ல என்ன நடந்துச்சுன்னு ஒரு பேப்பர்லயோ போன்லயோ குறிச்சுக்கோங்க, 'மூணாவது லேப், ரெண்டு கார் ஒட்டி திரும்பினது' அப்படின்னு ஒரு வரி இருந்தா போதும். லே மான்ஸ் மாதிரி 13 கிமீக்கு மேல நீளமான ட்ராக்ல குறிப்பு இல்லாம தேட ஆரம்பிச்சா சாயங்காலமே போயிடும்.

இன்னொண்ணு, இந்த கேம்ல பெரும்பாலான விஷயத்துக்கு இன்டர்நெட் வேணும், அதனால நெட் ஒழுங்கா இருக்கிற நேரமா பாத்து உக்காருங்க. புதுசா கேம் போட்டவங்களுக்கு மேப்ல எல்லா இடமும் உடனே திறக்காது, கேம்ல இருக்கிற கஃபேல குடுக்கிற மெனு புக்ங்கிற வேலைய ஒவ்வொண்ணா முடிக்க முடிக்கத்தான் ஒவ்வொரு இடமா திறக்கும். ஸ்கேப்ஸ் காணோமேன்னு பதறாதீங்க, வரும்.

தருணத்தை தேடுறது, இதுதான் முக்கியமான வேலை

போட்டோ நல்லா வர்றதும் வராததும் பெரும்பாலும் இங்கயே முடிவாயிடும், இதுக்கு அப்புறம் வர்ற அபர்ச்சர், ஃபில்டர் எல்லாம் மிச்ச வேலைதான். புதுசா எடுக்கிறவங்க ரீப்ளேவை எங்கயோ ஒரு இடத்துல நிறுத்திட்டு நேரா செட்டிங்ஸ்குள்ள போயிடுறாங்க. கார் நேர் ரோட்ல நேரா போயிட்டு இருக்கிற இடத்துல நிறுத்தினா என்ன பண்ணாலும் அது பார்க்கிங்ல நிக்கிற கார் மாதிரிதான் தெரியும்.

அப்ப எங்க நிறுத்துறது? காரோட வெயிட் மாறுற இடத்துல நிறுத்துங்க. பிரேக்கை அழுத்தி மிதிக்கும்போது மூக்கு கீழ அமுங்கும், பின்பக்கம் மேல தூக்கும். வளைவுல கார் வெளிப்பக்கமா சாயும், உள்பக்க டயர்ல வெயிட் குறையும். ஸ்டியரிங் திரும்பியிருக்கும்போது முன் சக்கரம் உடம்புக்கு வெளிய எட்டிப் பாக்கும். ட்ராக் ஓரத்துல மேடா இருக்கிற கர்ப் மேல ஏறும்போது ஒரு சக்கரம் மட்டும் தூக்கிக்கும். கியர் குறைக்கும்போது சில கார்ல எக்ஸாஸ்ட்ல இருந்து நெருப்பு கக்கும், இது கண்ணிமைக்கிற நேரம்தான், ஆனா ரீப்ளேல பாஸ் பண்ணிப் பண்ணி பாத்தா பிடிச்சிடலாம். ரெண்டு கார் ஒரே வளைவுக்குள்ள பக்கத்துல பக்கத்துல போற நேரம், பின்னாடி வர்றவன் உள்ள நுழைய மூக்கை நீட்டுற நேரம், இதெல்லாம் தானாவே கதை சொல்லும்.

செய்ற முறை இதுதான். முதல்ல ரீப்ளேவை எதுவும் பண்ணாம ஒரு தடவை முழுசா ஓட விடுங்க, டிவி கேமரா மாதிரி ட்ராக் ஓரத்துல இருந்து காட்டுற வியூல வெச்சு பாருங்க, எந்தெந்த வளைவு நல்லா இருக்குன்னு மனசுல நிக்கும். அப்புறம் அந்த இடத்துக்கு வந்து பாஸ் பண்ணுங்க. கொஞ்சம் முன்ன பின்ன ஆனா விட்டுட்டு திரும்ப பாஸ் பண்ணுங்க, ஒரு நொடில பத்துல ஒரு பங்கு தள்ளினாலே கார் நிக்கிற விதமே மாறிடும், அதனால இங்க சோம்பல் படாதீங்க. உங்க கார்தான் வேணும்னு இல்ல, ரீப்ளேல மத்த காருக்கும் மாறிக்கலாம். கடைசில வர்றவனோட கார் சில நேரம் ஜெயிச்சவன் காரை விட நல்ல படம் குடுக்கும்.

எந்த ட்ராக்ல தேடுறதுன்னா, ஏத்த இறக்கம் இருக்கிற ட்ராக்ல தேடுங்க. கலிபோர்னியால இருக்கிற லகூனா சேக்கால கார்க்ஸ்க்ரூன்னு ஒரு இடம், அங்க ரோடு இடதும் வலதுமா வளைஞ்சு கிட்டத்தட்ட 18 மீட்டர் கீழ விழும், கீழ இருந்து மேல பாத்து எடுத்தா கார் தலை மேல இறங்குற மாதிரி வரும். ஆஸ்திரேலியாவுல பாத்தர்ஸ்ட் மவுன்ட் பனோரமா, மலை மேல ஏறி இறங்குற ட்ராக், உச்சில சுவருக்கும் காருக்கும் நடுவுல கை நுழையிற இடம்தான் இருக்கும், அந்த நெருக்கத்தை படத்துல காட்டுங்க. ஜெர்மனியோட நூர்பர்க்ரிங் நார்த்ஷ்லைஃப 20.8 கிமீ, அதுல ஃப்ளூக்ப்ளாட்ஸ்ங்கிற மேட்டுல வேகமா வந்தா கார் லேசாகி மேல எழும்பும், காருசெல்ல கான்கிரீட் போட்ட சரிவுல உள்பக்க சக்கரம் கீழயும் வெளிப்பக்க சக்கரம் மேலயுமா கார் படுத்தாப்ல போகும். பெல்ஜியத்துல ஸ்பால ஓ ரூஜ் பள்ளத்துல அமுங்கி ராடியோன் மேட்டுல ஏறுற இடம் சொல்லவே வேணாம். ஜப்பான்ல சுசூகா எட்டு வடிவத்துல இருக்கிறதால ஒரு ரோடு இன்னொரு ரோட்டுக்கு மேல பாலமா போகும், அந்தப் பாலத்துக்கு கீழ இருந்து வெளிய வர்ற காரை எடுத்துப் பாருங்க.

ஷட்டர் ஸ்பீடு, இதை மட்டும் நல்லா புரிஞ்சுக்கோங்க

ரீப்ளேவை பாஸ் பண்ணிட்டு மெனுல இருந்து ரேஸ் போட்டோக்குள்ள போனா நிஜ கேமரால இருக்கிற எல்லாமே வரிசையா இருக்கும். ஃபோகல் லெங்த், அபர்ச்சர், ஷட்டர் ஸ்பீடு, எக்ஸ்போஷர் (படத்தோட வெளிச்ச அளவு), கலர், ஃபில்டர்னு. எல்லாத்தையும் ஒரே நாள்ல கத்துக்க வேணாம். ரேஸிங் போட்டோவுக்கு உயிரு ஷட்டர் ஸ்பீடுதான், அதை முதல்ல பிடிங்க. அதாவது கேமரா எவ்ளோ நேரம் திறந்து வெளிச்சத்தை வாங்குதுங்கிறது, 1/60னா ஒரு நொடில அறுபதுல ஒரு பங்கு.

ஒரு சின்ன கணக்கு போட்டு பாப்போம். கார் 180 கிமீ வேகத்துல போகுதுன்னா ஒரு நொடிக்கு 50 மீட்டர். ஷட்டரை 1/1000ல வெச்சா அந்த நேரத்துல கார் நகர்ற தூரம் 5 சென்டிமீட்டர்தான். சக்கரத்தோட சுத்தளவு தோராயமா 2 மீட்டர்னு வெச்சுக்கிட்டா நொடிக்கு 25 சுத்து சுத்தும், 1/1000 நொடில 9 டிகிரிதான் திரும்பும், அப்ப ரிம்மோட ஸ்போக் எல்லாம் எண்ணலாம் போல தெளிவா தெரியும், கார் நின்னுட்டு இருக்குன்னு கண்ணு நம்பிடும். அதே காருக்கு 1/60 வெச்சா கார் நகர்ற தூரம் 83 சென்டிமீட்டர், சக்கரம் 150 டிகிரி சுத்திடும், ஸ்போக் எல்லாம் கலைஞ்சு வட்டமா ஓடும், ரோடு கோடு கோடா இழுக்கும். வேகம்னு நம்ம கண்ணுக்கு தெரியிறது இந்த இழுப்புதான்.

இப்ப அதே கார் யூ மாதிரி திரும்புற ஒரு ஹேர்பின் வளைவுல 60 கிமீல போகுதுன்னா 1/60 போதாது, அங்க 28 சென்டிமீட்டர்தான் நகரும். அதே இழுப்பு வேணும்னா 1/20க்கு இறங்கணும். அதனால 'எல்லா போட்டோவுக்கும் 1/60 வெச்சா போதும்'னு யாராவது சொன்னா கேக்காதீங்க, காரோட வேகத்தைப் பாத்து முடிவு பண்ணுங்க. வேகமான இடத்துல 1/125, 1/60, மெதுவான இடத்துல 1/30, 1/20, இப்படி ஆரம்பிச்சு கூட்டிக் குறைச்சுக்கோங்க.

இதோட சேர்ந்து வர்றது பேனிங். ஷட்டரை மெதுவாக்கினா எது கலையும்? கேமரா அசையாம நின்னா கார் கலையும், ரோடும் மரமும் தெளிவா இருக்கும். கேமரா காரை பின்தொடர்ந்து திரும்பினா கார் தெளிவா நிக்கும், பேக்கிரவுண்டு கலையும். ட்ராக் ஓரத்துல நிக்கிற போட்டோகிராபருங்க கேமராவோட சேர்ந்து உடம்பையே திருப்புறது இதுக்குத்தான். கேம்ல அதுக்கு பேனிங்னு தனி ஆப்ஷன் இருக்கு, அதை ஆன் பண்ணா காரை கேமரா தொடர்ந்து போற மாதிரி கணக்கு போட்டு படத்தை உருவாக்கும். ஆரம்பத்துல இதை ஆன்லயே வெச்சுக்கோங்க. ரொம்ப மெதுவான ஷட்டர்ல காரோட மூக்கு தெளிவாவும் வால் லேசா கலைஞ்சும் வரும், அது தப்பு இல்ல, நிஜத்துலயும் அப்படித்தான், ஏன்னா கார் நம்மளை கடக்கும்போது அதோட ஒவ்வொரு பாகமும் கேமராவுக்கு ஒவ்வொரு வேகத்துல நகருது.

பேனிங்ல நிறைய பேரு விட்டுடுற ஒரு விஷயம், பேக்கிரவுண்டுல ஏதாவது இருந்தாத்தான் கோடு விழும். காருக்கு பின்னாடி வெறும் வானம் இருந்தா 1/15 வெச்சாலும் ஒண்ணும் தெரியாது. மரம், விளம்பர போர்டு, கம்பி வேலி, கூட்டம் உக்காந்திருக்கிற கேலரி, இதெல்லாம் பின்னாடி வர்ற மாதிரி கேமராவை நகத்துங்க. அதே மாதிரி கேமராவுக்கு ரொம்ப பக்கத்துல ஒரு வேலியோ புல்லோ முன்னாடி வந்தா அது ரொம்பவே இழுத்து ஓடும், படத்துக்கு ஆழம் கூடும்.

அப்புறம், செட்டிங் மாத்தும்போது திரையில தெரியிறத வெச்சு முடிவு பண்ணாதீங்க. ஷட்டர் பட்டனை அழுத்தினதும் சில நொடி எடுத்து கேம் படத்தை புதுசா ரெண்டர் பண்ணும், கலைப்பு, ஃபோகஸ் எல்லாம் அப்பத்தான் முழுசா தெரியும். அதனால அழுத்திப் பாருங்க, பிடிக்கலன்னா திரும்ப வந்து மாத்துங்க, அதுக்கு காசா பணமா.

லென்ஸ், ஃபோகஸ், வெளிச்சம்

ஃபோகல் லெங்த்னா எளிமையா சொல்லணும்னா எவ்ளோ அகலமா பாக்குறீங்க, எவ்ளோ நெருக்கமா இழுக்குறீங்கங்கிறது. 24 எம்எம் மாதிரி அகலமான லென்ஸை வெச்சுட்டு காருக்கு பக்கத்துல போனா முன் பம்பர் பெருசா ஊதி பின்பக்கம் சின்னதா போயிடும். சில நேரம் அது மிரட்டலா இருக்கும், ஆனா காரோட உண்மையான வடிவம் கெட்டுடும். 70ல இருந்து 100 எம்எம் வெச்சுட்டு கொஞ்சம் தள்ளி நின்னா கார் அதோட சரியான அளவுல வரும், புதுசா எடுக்கிறவங்களுக்கு இதுதான் பாதுகாப்பான இடம். 200க்கு மேல போனா பின்னாடி இருக்கிற மலை, கேலரி, துரத்திட்டு வர்ற கார் எல்லாம் முன்னாடி வந்து ஒட்டிக்கிற மாதிரி ஆகும், ரெண்டு கார் சண்டை போடுற படத்துக்கு இதுதான் சரி. ஜூம் மட்டும் மாத்திட்டு நின்ன இடத்துலயே நிக்காதீங்க, கேமராவையும் நகத்துங்க. உயரத்தையும் மாத்துங்க, ஹெட்லைட் உயரத்துக்கு கீழ இறக்கினாலே படம் வேற மாதிரி ஆயிடும். நம்ம நிக்கிற உயரத்துல இருந்து எடுத்தா எல்லாருக்கும் பழக்கமான பார்வையாத்தான் இருக்கும்.

அபர்ச்சர் பத்தி ரொம்ப யோசிக்க வேணாம். நம்பர் சின்னதா இருந்தா பேக்கிரவுண்டு மங்கும், பெருசா இருந்தா எல்லாம் தெளிவா இருக்கும். எஃப் 2.8ல ஒரே கார், எஃப் 8, எஃப் 11ல ரெண்டு மூணு கார், இது போதும். ஓடுற காருக்கு ஷட்டரே பேக்கிரவுண்டை கலைச்சிடும், அதுக்கு மேல அபர்ச்சர் நம்பரையும் சின்னதாக்கினா எங்க எடுத்த படம்னே தெரியாம போயிடும், பாத்தர்ஸ்ட்ல எடுத்தது பாத்தர்ஸ்ட் மாதிரி தெரிய வேணாமா? ஃபோகஸை காரோட முன் ஹெட்லைட்லயோ டிரைவர் பக்கத்து கதவுலயோ வெய்ங்க, பின் விங்ல வெச்சுட்டு மூக்கு மங்கினா பாக்க சங்கடமா இருக்கும்.

வெளிச்சத்தை ரேஸ் ஓட்டுறதுக்கு முன்னாடியே யோசிக்கணும். கஸ்டம் ரேஸ்ல நேரம், வானிலை ரெண்டையும் நீங்களே வெச்சுக்கலாம், நேரம் எவ்ளோ வேகமா ஓடணும்ங்கிறதையும் மாத்தலாம். சூரியன் மறையிற நேரத்துல ரேஸை ஆரம்பிச்சு நேரத்தை கொஞ்சம் வேகமா ஓட விட்டா ஒரே ரேஸ்லயே மஞ்ச வெயில், செவந்த வானம், இருட்டு எல்லாம் கிடைக்கும், ஒவ்வொரு லேப்பும் ஒவ்வொரு மாதிரி படம். நடு மத்தியானம் வெயில் நேரா மேல இருந்து விழுறதால காரோட பக்கவாட்டு வளைவெல்லாம் தட்டையாகிடும், அந்த நேரத்தை விட்டுடுங்க. சூரியன் தாழ்வா இருக்கும்போது வெளிச்சம் காரோட பக்கத்துல வழிஞ்சு ஓடுற மாதிரி கேமராவை வெய்ங்க. சூரியனுக்கு எதிர்ல எடுத்தா கார் இருட்டாகும், ஆனா புகையும் தூசியும் தண்ணித் துளியும் மின்னும்.

மழை வேணும்னா லே மான்ஸ், ஸ்பா, நூர்பர்க்ரிங் மாதிரி வானிலை மாறுற ட்ராக்கை எடுங்க, எல்லா ட்ராக்லயும் மழை வராது. ஈர ரோட்ல ஹெட்லைட் வெளிச்சம் நீளமா விழும், முன்னாடி போற கார் கிளப்புற தண்ணிப் புகைக்குள்ள பின்னாடி வர்ற காரோட ரெண்டு விளக்கு மட்டும் தெரியும், அந்த நேரத்துல பாஸ் பண்ணிட்டீங்கன்னா வேற எதுவும் பண்ணவே வேணாம். எக்ஸ்போஷரை மட்டும் கொஞ்சம் குறைச்சு வெய்ங்க, வெள்ளைக் காருக்கும் அதே மாதிரிதான், இல்லன்னா பானட் மேல வெளிச்சம் வெளுத்துப் போய் கோடெல்லாம் மறைஞ்சிடும்.

கார் ஓடுற பக்கம் படத்துல இடம் விடுங்க, மூக்கு ஃப்ரேமை முட்டிட்டு நிக்கக்கூடாது. கேமராவை சாய்க்கிற ஆப்ஷன் இருக்கு, ஆரம்பத்துல எல்லாரும் அதை அளவுக்கு மீறி சாய்ப்பாங்க, அஞ்சாறு டிகிரிக்கு மேல போனா கார் சரிஞ்சு விழற மாதிரி ஆயிடும். ஃபில்டரை பத்தி என் கருத்து இதுதான், கடைசில போடுங்க, பாதி பவர்ல போடுங்க, போடலன்னாலும் பரவாயில்ல.

ஸ்கேப்ஸுக்கு வந்தா

43 நாட்டுல 2,500க்கும் மேல இடங்கள். முதல்ல பாக்கும்போது எத எடுக்கிறதுன்னே தெரியாது. ஸ்கேப்ஸ்ல இருக்கிறது வெறும் வால்பேப்பர் இல்ல, அந்த இடத்துல வெளிச்சம் எந்தப் பக்கத்துல இருந்து எவ்ளோ வருதுங்கிற தகவலும், ரோடு எங்க சுவரு எங்கங்கிற இடத் தகவலும் படத்தோட சேர்ந்தே இருக்கு. அதனாலதான் நீங்க வெச்ச கார் மேல அந்த ஊரு வெளிச்சமே விழுது, கார் ஒரு தூணுக்கு பின்னாடி போனா மறையுது. பிஎஸ்5ல ரே ட்ரேசிங் ஆன் பண்ணா ஒரு காரோட பிம்பம் பக்கத்துக் கார் மேலயும் தெரியும்.

அதனால இடத்தை எடுத்த உடனே வெளிச்சம் எங்க இருந்து வருதுன்னு பாருங்க, அப்புறம் அந்தப் பக்கத்துக்கு காரை திருப்புங்க. காரோட மூக்கும் ஒரு பக்கமும் சேர்ந்து தெரியிற முக்கால் கோணம்தான் பெரும்பாலான காருக்கு நல்லா இருக்கும், பழைய ஃபெராரி, பழைய ஜாகுவார் மாதிரி நீளமான உடம்பு இருக்கிற காருக்கு நேர் பக்கவாட்டும் அழகு. ஸ்டியரிங்கை திருப்புற ஆப்ஷன் இருக்கு, அதை கண்டிப்பா பயன்படுத்துங்க: முன் சக்கரத்தோட ரிம் கேமராவைப் பாக்கணும், டயர்ல ரோட்டைத் தொடுற பக்கம் பாக்கக்கூடாது. கார் பத்திரிகைல வர்ற படங்களை எடுத்துப் பாருங்க, நிக்க வெச்ச காருங்க நிறைய இப்படித்தான் இருக்கும். கார் நிக்கிற மாதிரி படம்னா உள்ள டிரைவர் வேணாம், எடுத்துடுங்க. சாயங்கால படம்னா விளக்கை போடுங்க. ஓடுற மாதிரி வேணும்னா காருக்கு வேகம் குடுக்கலாம், அப்ப மேல சொன்ன ஷட்டர் கணக்கு எல்லாம் இங்கயும் அப்படியே பொருந்தும்.

ஸ்கேப்ஸுக்கு போறதுக்கு முன்னாடி கேம்ல காரை பராமரிக்கிற ஜிடி ஆட்டோல காரை கழுவிட்டு போங்க, நிறைய கிமீ ஓடின கார் மேல அழுக்கு ஏறியிருக்கும், ஸ்கேப்ஸ்ல பக்கத்துல போய் எடுக்கும்போது நல்லா தெரியும். நீண்ட ரேஸ் முடிஞ்ச ரேஸ் காருக்கு மட்டும் அந்த அழுக்கை விட்டுடுங்க, அது சம்பாதிச்ச அழுக்கு.

ரீப்ளே போட்டோவுக்கு மட்டும் இல்ல

ஒரே ரீப்ளேவை ஓட்டக் கத்துக்கவும் பயன்படுத்தலாம், அதை சொல்லாம விட முடியாது. லைசன்ஸ் சென்டர்ல ஒவ்வொரு டெஸ்டுக்கும் டெமோ இருக்கு, அதை பாருங்க. தனியா ஓட்டி நேரத்தோட போட்டி போடுற டைம் ட்ரயல்ல ரேங்கிங்ல மேல இருக்கிறவங்களோட ரீப்ளேவும் பாக்க முடியும். பின்னாடி இருந்து பாக்குற வியூல வெச்சு பிரேக் லைட் எங்க எரியுது, எங்க அணையுதுன்னு மட்டும் கவனிங்க, அப்புறம் உங்க ரீப்ளேல அதே வளைவை பாருங்க. பெரும்பாலும் அவங்க உங்களுக்கு முன்னாடியே பிரேக் பிடிச்சு உங்களுக்கு முன்னாடியே ஆக்ஸிலரேட்டர் குடுத்திருப்பாங்க. சும்மா ரசிக்கணும்னா மியூசிக் ரீப்ளேன்னு ஒண்ணு இருக்கு, பாட்டோட தாளத்துக்கு ஏத்த மாதிரி கேமரா வியூவை கேமே மாத்திட்டு இருக்கும், படம் எடுக்க நல்ல கோணம் தேடுறதுக்கும் அது உதவும்.

உங்ககிட்ட ஃபோர்ஸா ஹொரைசன் 5ங்கிற இன்னொரு கார் கேம் இருந்தாலும் இதெல்லாம் பொருந்தும், அங்க மெக்சிகோ ரோட்ல ஓட்டிட்டு இருக்கும்போதே டி-பேட்ல மேல் பட்டனை அழுத்தினா போட்டோ மோட் வந்துடும், ஹொரைசன் ப்ரோமோன்னு ஒவ்வொரு காரையும் படம் எடுத்து சேக்குற வேலையும் இருக்கு. ஷட்டர், அபர்ச்சர் கணக்கு எந்த கேம்லயும் மாறாது.

படத்தை வெளிய கொண்டு வர்றது

கேமுக்குள்ள சேவ் பண்ண படம் கேமுக்குள்ளயேதான் இருக்கும். ஷோகேஸ்ல போய் அந்தப் படத்தை எக்ஸ்போர்ட் பண்ணா பிஎஸ்5ஓட மீடியா கேலரிக்கு வரும். அங்க இருந்து போனுக்கு கொண்டு வர ரெண்டு வழி. கேப்சர் செட்டிங்ஸ்ல ஆட்டோ அப்லோடை ஆன் பண்ணிட்டா பிளேஸ்டேஷன் ஆப்புக்கு தானா வந்துடும், ஆனா அங்க 14 நாள்தான் இருக்கும், அதுக்குள்ள போன்ல டவுன்லோட் பண்ணிக்கணும். இல்லன்னா பென்டிரைவ் போட்டு காப்பி பண்ணலாம், அது எக்ஸ்ஃபேட் இல்ல ஃபேட்32 ஃபார்மட்ல இருக்கணும். மொத்தமா நிறைய படம் எடுக்கிறவங்களுக்கு பென்டிரைவ்தான் நல்லது.

டிவில எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் கூட்டிக் காட்டுற செட்டிங்) ஆன்ல வெச்சு எடிட் பண்ண படம் போன்ல பாக்கும்போது இருட்டாவோ வெளுத்தோ தெரியலாம். அதனால முதல் படத்தை ஒரு தடவை போன்ல பாத்துட்டு எக்ஸ்போஷரை எந்தப் பக்கம் மாத்தணும்னு தெரிஞ்சுக்கிட்டு மிச்சத்தை எடுங்க. இன்ஸ்டாகிராம்ல செங்குத்தா போடப்போறீங்கன்னா எடுக்கும்போதே காரை சுத்தி இடம் விட்டு எடுங்க, இல்லன்னா க்ராப் பண்ணும்போது பம்பர் போயிடும். வாட்ஸ்அப்ல அனுப்பும்போது டாகுமென்டா அனுப்புங்க, சாதாரணமா அனுப்பினா அமுக்கி அனுப்பிடும், நீங்க பாத்துப் பாத்து எடுத்த அந்த மெல்லிசான கோடெல்லாம் கலங்கி வரும்.

ஆரம்பிக்கிறவங்களுக்கு ஒரு பயிற்சி சொல்றேன். ஒரே கார், ஒரே ட்ராக், ஒரே வளைவு. ரீப்ளேவை ஒரே இடத்துல நிறுத்துங்க. கேமராவை அசைக்காம ஷட்டரை மட்டும் 1/1000, 1/250, 1/125, 1/60, 1/30, 1/15ன்னு மாத்தி ஆறு படம் எடுத்து வரிசையா வெச்சு பாருங்க. அடுத்த நாள் அதே இடத்துல ஷட்டரை தொடாம ஃபோகல் லெங்த்தை மட்டும் 24, 50, 100, 200ன்னு மாத்தி, ஒவ்வொண்ணுலயும் கார் அதே அளவு தெரியிற மாதிரி கேமராவை நகத்தி எடுங்க. எங்கயாவது போஸ்ட் பண்ணும்போது என்ன ஷட்டர், என்ன லென்ஸ்னு கீழ ஒரு வரி போடுங்க, பின்னாடி வர்றவங்களுக்கு ரொம்ப உதவும். கார் மேல இருக்கிற டிசைன் வேற யாராவது பண்ணி ஷேர் பண்ணதுன்னா அவங்க ஐடியையும் மறக்காம போட்டுடுங்க.